417: ஒரு ரிவால்வர் நம்பரும் ஒரு சூட்கேஸ் பூட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டு சூட்கேஸ்ல இருந்து ஆரம்பிக்குது.

என் அம்மாவோட அப்பா போலீஸ்ல இருந்தவர். ரிட்டையர் ஆன பிறகு விம்கோ நகர்ல, ரயில்வே லைனுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வீடு கட்டிக்கிட்டு வந்துட்டார். அவர்கிட்ட ஒரு பழைய சூட்கேஸ் இருந்துச்சு. மூணு நம்பரைச் சுத்தித் திறக்கிற பூட்டு. அந்த நம்பர் 417. வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஆயா அதைத் திறந்துதான் ரேஷன் கார்டையே எடுப்பாங்க. என்னோட முதல் போன் பாஸ்கோடு கூட 417-லதான் ஆரம்பிச்சுது. ஆனா அது யாரோட பிறந்த நாளும் இல்ல, வீட்டு நம்பரும் இல்ல. கேட்டா தாத்தா, "அது ஒரு நம்பர் கண்ணு, அவ்ளோதான்"னு முடிச்சிடுவார்.

அவர் போன பிறகுதான் அம்மா சொன்னாங்க. அது ஒரு ரிவால்வரோட நம்பர். பாடியில அடிச்சிருந்த எண்ணோட கடைசி மூணு இலக்கம். அந்த ரிவால்வரும் தாத்தாவோடது இல்ல. அவர் வேலை பார்த்த ஸ்டேஷன்ல ஒரு அதிகாரி இடுப்புல இருந்தது.

தாத்தா ஸ்டேஷன் ரைட்டர். எஃப்.ஐ.ஆர். எழுதுறதுல இருந்து, ஆயுதம் வச்சிருக்கிற ரூம்ல எது வெளியே போச்சு, எது உள்ளே வந்துச்சுன்னு எழுதுற வரைக்கும் அவர் கைதான். நம்ம ஊர் போலீஸ்காரங்க அந்த ரூமை இன்னைக்கும் 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்'னு சொல்றாங்க. வெள்ளைக்காரன் பட்டாளத்துல துப்பாக்கிகளை அடுக்கி வைக்க மணி வடிவத்துல ஒரு சின்னக் கட்டடம் இருக்கும், அதுல இருந்து வந்த பேர்.

அத்தனை துப்பாக்கி நம்பரை எழுதின மனுஷன், ஒரே ஒரு நம்பரை ஏன் சூட்கேஸ்ல வச்சுக்கிட்டார்? அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி, துப்பாக்கி மேல ஒரு அரசாங்கத் துறை ஏன் தன் குறியை அடிக்குதுன்னு பார்த்துடலாம்.

கண்டம் ஆன வண்டி

எங்க ஏரியாவுக்கு சர்க்கார் முத்திரை ஒண்ணும் புதுசு இல்ல. விம்கோ நகர்ங்கிற பேரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியோட பேர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமா விம்கோ. 1923-ல சுவீடன்காரங்க ஆரம்பிச்சது. 1934-ல தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி வந்தப்போ, பெட்டி மேல அரசாங்கத்தோட சின்னக் காகிதப் பட்டை ஒட்டாம சரக்கு வெளியே போகக்கூடாதுன்னு ஆச்சு. பட்டை இருந்தா வரி கட்டின சரக்கு. இல்லேன்னா திருட்டுச் சரக்கு.

இன்னொரு குறியை நீங்க ரோட்லயே பார்த்திருப்பீங்க. ராணுவ வண்டி நம்பர் பிளேட்ல முதல்ல மேல் நோக்கி ஒரு அம்பு இருக்கும். 'பிராட் ஆரோ'ன்னு அதுக்குப் பேர். இங்கிலாந்துல பல நூற்றாண்டா இருக்கிற குறி. அரசனோட சாமான் எதுவா இருந்தாலும், கயிறு, பாய்மரம், பீரங்கி, துப்பாக்கி, எல்லாத்து மேலயும் இந்த அம்பு. அனுமதி இல்லாம அந்தக் குறியைப் போட்டா குற்றம்னு 17-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ளேயே சட்டம் போட்டுட்டாங்க. இந்திய அரசுக்குச் சொந்தமான துப்பாக்கின்னா அம்புக்குக் கீழே 'ஐ'னு ஓர் எழுத்து. அந்தத் துப்பாக்கியை அரசாங்கம் வெளியே வித்துட்டா, இன்னொரு அம்பைத் தலைகீழா, முனையும் முனையும் முட்டுற மாதிரி அடிப்பாங்க. 'இது இனிமே எங்க சொத்து இல்ல'ன்னு அர்த்தம்.

கவனிங்க, பழைய குறியை அழிக்கல. அதுக்கு எதிரா இன்னொண்ணை அடிக்கிறாங்க. அந்த இரும்பைக் கையில வாங்குறவன், இது எங்க இருந்தது, எப்படி வெளியே வந்ததுன்னு ரெண்டையும் படிச்சுக்கலாம்.

திருவொற்றியூர்ல பிறந்தவனுக்கு இந்த விஷயம் இன்னும் கொஞ்சம் நெருக்கம். 1955-ல இருந்து இங்க புல்லட் செய்யறாங்க. ராயல் என்ஃபீல்டுங்கிற பேர்ல வர்ற 'என்ஃபீல்டு' லண்டனுக்கு வடக்கே இருக்கிற ஓர் ஊர். அங்க இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செஞ்சு குடுத்த ஒரு சைக்கிள் கம்பெனி, 1890-கள்ல அந்தப் பேரையே தன் சரக்குக்கு வச்சுக்கிச்சு. பீரங்கிப் படம், 'துப்பாக்கி மாதிரி செஞ்சது'ங்கிற விளம்பர வாசகம், எல்லாம் அந்தத் தொடர்புல வந்ததுதான். போலீஸ்காரங்க கையில இருந்த லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கும், என்ஃபீல்டு ரிவால்வருக்கும், பக்கத்து வீட்டு அண்ணன் புல்லட்டுக்கும் ஒரே ஊர்ப்பேர்.

அந்த அண்ணன் புல்லட் போலீஸ் ஏலத்துல எடுத்தது. வண்டி பழசாச்சுன்னா 'கண்டம்' பண்ணி ஏலம் விடுவாங்க. யார் வேணா எடுக்கலாம். பெயின்ட்டைச் சுரண்டினா அடியில பழைய எழுத்து லேசாத் தெரியும். சில பேர் அதை வேணும்னே விட்டு வைப்பாங்க, கெத்துக்கு.

ஆனா அதே வண்டியில போன சப்-இன்ஸ்பெக்டர் இடுப்புல இருந்த ரிவால்வரை நீங்க ஏலத்துல எடுக்க முடியாது. அமெரிக்காவுல முடியும்.

பழசைக் குடுத்துப் புதுசு வாங்குறது

நம்ம பழைய ஃப்ரிட்ஜைக் கடையில குடுத்து, விலையில கழிச்சுக்கிட்டு புதுசு வாங்குறோம் இல்லையா? அமெரிக்காவுல பல போலீஸ் துறைகள் கைத்துப்பாக்கியை அப்படித்தான் மாத்துது. பழசை டீலர்கிட்ட குடுக்கும். டீலர் புதுசுல விலையைக் குறைப்பார். பழசு கடைக்குப் போகும். யாராவது வாங்கிட்டுப் போவாங்க.

இந்தத் துப்பாக்கிகளுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. காரணம் ரெண்டு. ஒண்ணு, போலீஸ் துப்பாக்கி வெளியே உறையில உரசி உரசித் தேய்ஞ்சிருக்கும், ஆனா அதிகமாச் சுட்டிருக்காது. உள்ளே புதுசு மாதிரி, விலை கம்மி. இன்னொண்ணு, அந்தக் குறி. மேல துறையோட பேர், சுருக்கெழுத்து, சின்னம், சில சமயம் இருப்பு எண். உதாரணத்துக்கு, கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் 1990-ல ஸ்மித் அண்ட் வெஸன் 4006 என்ற பிஸ்டலுக்கு மாறினாங்க. துறைக் குறியோட இருக்கிற அந்த மாடலைச் சேகரிக்கிறவங்க இன்னைக்கும் தேடுறாங்க. சில துறைகள் விக்கிறதுக்கு முன்னாடி குறியைத் தேய்ச்சிடும். சில துறைகள் அப்படியே விட்டுடும். தேய்க்காத குறிக்கு மவுசு ஜாஸ்தி.

இது புதுப் பழக்கமும் இல்ல. அயர்லாந்துல பிரிட்டிஷ் ஆட்சியோட போலீஸ் படை, ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி, 1868-ல பர்மிங்ஹாமைச் சேர்ந்த வெப்லி கம்பெனியோட ரிவால்வரை எடுத்துக்கிச்சு. உடனே வெப்லி அந்த மாடலுக்கே 'ஆர்.ஐ.சி.'ன்னு பேர் வச்சு, அந்த எழுத்தை அடிச்சே உலகம் முழுக்க வித்தாங்க. போலீஸ் பேர் பொறிச்ச ரிவால்வர், போலீஸ் வேலையே பார்க்காதவன் பையில. ஒரு துறையோட பேர் சொத்துக் குறியா இல்லாம பிராண்டா மாறிடுச்சு.

இப்ப ஒரு துப்பாக்கியோட பயணத்தைப் பார்ப்போம். வாஷிங்டன் மாநிலத்துல காஸ்மோபோலிஸ்னு ஒரு குட்டி ஊர். அந்த ஊர் போலீஸ்கிட்ட க்ளாக் 26 பிஸ்டல் ஒண்ணு இருந்துச்சு. சட்டைக்குள்ள மறைச்சு வைக்கிற அளவுக்குச் சின்னது. வேலைக்கு இது ரொம்பச் சின்னதா இருக்குன்னு, குடுத்துட்டு வேற மாடல் வாங்கினாங்க. அதுல தப்பா ஒண்ணும் தெரியல. அந்த க்ளாக் கை மாறி கை மாறி, துப்பாக்கி வாங்கவே சட்டப்படி தகுதி இல்லாத ஒரு இனவெறியன் கைக்குப் போச்சு. 1999 ஆகஸ்ட் 10, லாஸ் ஏஞ்சலஸ். முதல்ல ஒரு யூத சமூக மையத்துல வேற துப்பாக்கியால சுட்டு, குழந்தைகள் உட்பட அஞ்சு பேரைக் காயப்படுத்தினான். அங்கிருந்து தப்பிச்சுப் போற வழியில, தபால் குடுத்துக்கிட்டு இருந்த பிலிப்பைன்ஸ் வம்சாவளி ஊழியர் ஒருத்தரைக் கொன்னான். அவரைக் கொன்னது காஸ்மோபோலிஸ் போலீஸோட பழைய க்ளாக்.

இது எப்படித் தெரிஞ்சது? சீரியல் நம்பர். தொழிற்சாலை, போலீஸ் துறை, டீலர்னு அது வந்த பாதையைப் பின்னாடியே போய்ப் பிடிச்சாங்க. தபால்காரரோட குடும்பமும் காயம்பட்டவங்களும் கம்பெனி மேல வழக்குப் போட்டாங்க. இலெட்டோ எதிர் க்ளாக். 2003-ல மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கை நடத்தலாம்னு சொல்லிச்சு. 2005-ல அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கிக் கம்பெனிகளைக் காப்பாத்துற சட்டம் ஒண்ணு கொண்டு வந்துச்சு. 2009-ல அந்தச் சட்டத்தைக் காட்டி க்ளாக் மேல இருந்த வழக்கைத் தள்ளிட்டாங்க.

இது ஒத்தைக் கதை இல்ல. 2024-ல அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து நடத்தின ஒரு புலனாய்வுல, 2006-லிருந்து 2022 வரைக்கும் குற்றச் சம்பவங்கள்ல பிடிபட்ட துப்பாக்கிகள்ல 52,000-க்கும் மேல ஒரு காலத்துல போலீஸ்கிட்ட இருந்தவைன்னு தெரிய வந்துச்சு. சொத்து கை மாறிடுச்சு. பொறுப்பு யாருக்கும் மாறல.

வாயளவே ஒரு குறி

சரி, நம்ம ஊர்ல ஏன் அப்படி நடக்கல? நம்ம போலீஸ் ரொம்ப நல்லவங்கங்கிறதாலயா? இல்ல. நம்மளை ஆண்டவங்களுக்கு நம்ம மேல இருந்த பயம்தான் ஆரம்பக் காரணம்.

மெட்ராஸ் போலீஸ் இன்னைக்கு இருக்கிற வடிவத்துக்கு வந்தது 1859 சட்டத்துக்கு அப்புறம். 1857 கலகம் முடிஞ்ச கையோட. 1878-ல லிட்டன் பிரபு காலத்துல ஆயுதச் சட்டம் வந்துச்சு. துப்பாக்கி வச்சுக்க இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு விலக்கு. இது மக்களுக்குப் போட்ட பூட்டு. ஆனா போலீஸ்காரனே இந்தியன்தானே? அவன் கையில இருக்கிற துப்பாக்கியை யாராவது பிடுங்கிட்டா? அவனே திருப்பிட்டா?

அதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் .410 மஸ்கட். பத்து ரவுண்டு வரிசையாச் சுடுற லீ-என்ஃபீல்டு ரைஃபிளை எடுத்து, வங்காளத்துல இருக்கிற இஷாப்பூர் தொழிற்சாலையில வேணும்னே மட்டமாக்கினாங்க. குழாய்க்குள்ள இருக்கிற சுருள் பள்ளத்தைக் கடைஞ்சு வழவழன்னு ஆக்கிட்டாங்க. தூரமாப் போகாது, குறியும் தவறும். தோட்டா நிக்கிற இடத்துல மரக்கட்டையை வச்சு அடைச்சாங்க. ஒரு நேரத்துல ஒரே தோட்டா. அந்தத் தோட்டாவும் தனி ரகம், ராணுவத்தோட .303 தோட்டாவோட கழுத்தை நேராக்கிச் செஞ்சது. போலீஸுக்கும் ஜெயில் காவலுக்கும் இது போதும்னு முடிவு.

அதாவது, வெளியே அடிக்கிற முத்திரையை அரம் வச்சுத் தேய்ச்சிடலாம். வாயளவை எப்படித் தேய்ப்பே? துப்பாக்கி எந்தத் தோட்டாவைத் தின்னுதோ, அதுவே அது யாரோடதுங்கிற அடையாளம் ஆயிடுச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூர் துப்பாக்கிகள்ல கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.'ங்கிற ராஜா எழுத்தும் போய், அசோகர் சிங்கம் வந்துச்சு. ஆனா வாயளவு விஷயத்துல வெள்ளைக்காரன் கணக்கை நாம விடல. 1959 ஆயுதச் சட்டமும் அதோட விதிகளும், அரசாங்கப் படைகள் பயன்படுத்துற தோட்டா ரகங்களைத் தனியாப் பிரிச்சு வச்சுது. .303, .410 மஸ்கட், கைத்துப்பாக்கியில .380, .455, 9 எம்.எம். எல்லாமே 'தடை செய்யப்பட்ட போர்'. லைசென்ஸ் வச்சிருக்கிற சாதாரண ஆளுக்குக் கிடையாது. அதனாலதான் கான்பூர்ல அரசாங்கமே பொதுமக்களுக்குச் செய்யற ரிவால்வர் .32. பார்த்தா பழைய .38 வெப்லியோட தம்பி மாதிரியே இருக்கும். மேல்பாதி அப்படியே முன்னாடி மடங்கித் திறக்கும். ஆனா போலீஸ் தோட்டா அதுல போகாது.

அதனால நம்ம ஊர்ல போலீஸ் ரிவால்வர் கண்டம் ஆனா, புல்லட் மாதிரி ஏலத்துக்கு வராது. 2020 குடியரசு தினத்தன்னைக்கு உத்தரப் பிரதேசப் போலீஸ் தன்னோட .303 ரைஃபிள்களுக்கு அணிவகுப்புல வச்சு விடை குடுத்தாங்க. அமெரிக்காவா இருந்தா அடுத்த மாசமே கடையில வந்திருக்கும்.

நம்பர் பேசின நாட்கள்

இந்தப் பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு ரெண்டு சம்பவத்துல பார்க்கலாம்.

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்துல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட கதை நமக்குத் தெரியும். கையில இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1914 ஆகஸ்ட் 26, கல்கத்தா. ரோடா கம்பெனின்னு பெரிய துப்பாக்கிக் கடை. அவங்களுக்குத் துறைமுகத்துல சரக்கு வந்திருக்கு. 202 பெட்டி. எடுக்கப் போன குமாஸ்தா 192 பெட்டியைக் கடையில சேர்த்துட்டு, மிச்சம் பத்தைக் கொண்டு வர்றேன்னு போனவர் திரும்பவே இல்ல. அவர் புரட்சிக்காரங்க ஆள். அந்தப் பத்துப் பெட்டியில 50 மவுசர் பிஸ்டல், 46,000 ரவுண்டு தோட்டா.

ஒவ்வொரு பிஸ்டல்லயும் நம்பர் இருந்துச்சு. அந்த நம்பர் லிஸ்ட் ரோடா கம்பெனி நோட்டுல இருந்துச்சு. 1918-ல வந்த ரௌலட் கமிட்டி அறிக்கையைப் படிச்சா, அந்த நோட்டு என்ன வேலை செஞ்சிருக்குன்னு தெரியும். 44 பிஸ்டல் உடனே ஒன்பது குழுக்களுக்குப் பிரிஞ்சிருக்கு. 54 சம்பவங்கள்ல அவை பயன்பட்டிருக்கு. 31 திரும்பக் கிடைச்சிருக்கு. புரட்சிக்காரங்க பக்கம் நின்னு பார்த்தா இது வேட்டை நாயோட மூக்கு. அதை மறந்துட வேண்டாம். ஆனா வேலை செய்ற விதத்தைக் கவனிங்க. ஒரு பக்கம் நம்பர், இன்னொரு பக்கம் சம்பவம். ரெண்டையும் ஒரே தாள்ல சேர்க்க ஒருத்தர் உட்கார்ந்தா, இரும்பு பேசும்.

இன்னொண்ணு 1930 ஏப்ரல் 18, சிட்டகாங். சூர்யா சென் தலைமையில இளைஞர்கள் ஒரே ராத்திரியில ரெண்டு ஆயுதக் கிடங்கைப் பிடிச்சாங்க. ஒண்ணு போலீஸோடது, இன்னொண்ணு ஐரோப்பியர்களோட துணைப் படையோடது. துணைப் படை கிடங்குல நல்ல ரைஃபிளும் லூயிஸ் கன்னும் கிடைச்சுது, அதுக்கான தோட்டா கிடைக்கல. நாலு நாள் கழிச்சு ஜலாலாபாத் மலையில ராணுவத்தோட சண்டை போட்டப்போ கையில இருந்தது போலீஸ் மஸ்கட். தோட்டா இல்லாத நல்ல துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்ங்கிறதை ரெண்டு பக்கமும் அன்னைக்குக் கத்துக்கிச்சு.

இன்னைக்கு நம்ம சட்டத்துல இந்தப் பாடம் எட்டாவது பிரிவா உட்கார்ந்திருக்கு. துப்பாக்கி மேல இருக்கிற பேர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கக் கூடாது, மாத்தக் கூடாது. குறி இல்லாத துப்பாக்கியை விக்கக் கூடாது. அழிச்ச குறியோட ஒரு துப்பாக்கி உங்க கையில இருந்தா, நீங்கதான் அழிச்சீங்கன்னு எடுத்துக்கலாம். இல்லேன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க.

ரிஜிஸ்டர்ல இல்லாத கட்டம்

இப்ப தாத்தாகிட்ட வர்றேன்.

அம்மாவுக்கு அப்போ பத்து வயசு இருக்கும். வடசென்னையில ஒரு தகராறு. எந்த இடம், எந்த ஸ்டேஷன்னு நான் இங்க சொல்லப் போறதில்ல. அந்த அதிகாரியோட குடும்பம் இன்னும் இருக்கு, இன்னொரு குடும்பமும் இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் 417 பெல் ஆஃப் ஆர்ம்ஸுக்குத் திரும்பி வந்துச்சு. வாங்கிப் பூட்ட வேண்டியவர் தாத்தா.

அம்மா சொன்னது இதுதான்: "அப்பா அன்னைக்கு நைட்டு சாப்பிடல. எண்ணினதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டு இருந்தாரு. ஆறு குடுத்தேன், நாலு வந்துச்சு, ரெண்டு காலி கேஸ் வந்துச்சு. ஆறு. கணக்கு சரி. கணக்கு சரின்னு."

போலீஸ்ல ஒரு தோட்டா குறைஞ்சா வேலைக்கே ஆபத்து. காலி கேஸ் கூட எண்ணிக்கையில வரணும். அதனால அது நல்ல ரைட்டர் பண்ற வேலை. நேரம், ரிவால்வர் எண், குடுத்த ரவுண்டு, திரும்பின ரவுண்டு, காலி கேஸ், கையெழுத்து. எல்லாக் கட்டமும் நிரம்பிடுச்சு.

"யாருக்காவது பட்டுச்சாம்மா?"

"ஒருத்தர் செத்துட்டார்."

"பேரு?"

"தெரியாது. நான் பெரியவளானதும் ஒரு தடவை அவர்கிட்ட கேட்டேன். 'ரிஜிஸ்டர்ல அதுக்குக் கட்டம் இல்லம்மா'ன்னாரு."

இதைச் சொல்லும்போது அம்மா சூட்கேஸ் பூட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

நியாயமாச் சொல்லணும். செத்தவர் பேர் எங்கயும் எழுதப்படாம இருக்காது. எஃப்.ஐ.ஆர். இருக்கும், போஸ்ட் மார்ட்டம் இருக்கும், போலீஸ் துப்பாக்கிச் சூடுன்னா விசாரணைன்னு ஒண்ணு இருக்கும். ஆனா அது வேற ஆபீஸ், வேற ஃபைல். தாத்தா தினமும் திறந்து மூடுற புத்தகத்துல ரிவால்வருக்கு எண் இருந்துச்சு, தோட்டாவுக்கு எண்ணிக்கை இருந்துச்சு, ஆளுக்கு இடம் இல்ல. எழுத முடியாததை அவர் சூட்கேஸ்ல வச்சுக்கிட்டார்னு நான் நினைக்கிறேன். பேர் தெரியாததால தெரிஞ்ச நம்பரை.

இத்தனை நேரம் நான் சொன்ன கதைகளை இப்பத் திரும்பிப் பாருங்க. கல்கத்தாவுல 54 சம்பவத்தையும் 50 நம்பரையும் ஒரே தாள்ல சேர்க்க ஒரு கமிட்டி உட்கார்ந்துச்சு, ஏன்னா பயந்தது அரசாங்கம். லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு க்ளாக் நம்பரையும் ஒரு தபால்காரர் பேரையும் ஒரே வழக்குல சேர்த்தது அவரோட குடும்பம். வழக்குல தோத்தாங்க. ஆனா அந்தப் பேர் இன்னைக்கும் அந்தத் துப்பாக்கியோட சேர்ந்தேதான் படிக்கப்படுது. பேர் தானா வந்து நம்பர் பக்கத்துல உட்காராது. யாராவது கொண்டு வந்து வைக்கணும்.

குறி அடிக்கிற துறை தன் சொத்தைக் காப்பாத்தத்தான் அடிக்குது. அம்புக்குறி, சிங்கம், வாயளவு, பட் நம்பர், எல்லாமே 'இது எங்களோடது, தொலையக்கூடாது'ங்கிறதுக்காக. அதே குறியை 'இது உங்களோடது, அதனால பதில் சொல்லுங்க'ன்னு திருப்பிப் பிடிக்கிறது நம்ம வேலை. போலீஸ் துப்பாக்கி கடைக்கு வராத நாட்டுல இருக்கோம், அது நல்லதுதான். ஆனா கடைக்கு வராததாலேயே, அது என்ன செஞ்சுதுன்னு வெளி ஆள் படிக்கிற வாய்ப்பும் குறைவு. கண்டம் ஆகி அழிஞ்சா, எண்ணும் அதோட போயிடும்.

எழும்பூர்ல பழைய கமிஷனர் ஆபீஸை 2021-ல போலீஸ் அருங்காட்சியகமா மாத்தியிருக்காங்க. போகலேன்னா போய்ப் பாருங்க, நல்லாப் பராமரிக்கிறாங்க. நான் போன அன்னைக்கு ஸ்கூல் பசங்க கூட்டம். எல்லாரும் பழைய துப்பாக்கி இருக்கிற கண்ணாடிகிட்ட நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் குனிஞ்சு கைப்பிடி, பாடின்னு ஒவ்வொண்ணுலயும் நம்பர் தேடிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல இருந்த ஒரு பையன், "இன்னாண்ணா தேடுறீங்க?"ன்னு கேட்டான். என்ன சொல்றதுன்னு தெரியல. "ஒரு நம்பர்டா"ன்னேன். தாத்தா சொன்ன அதே பதில்.

வீட்டுக்கு வரும்போது மெட்ரோவுல உட்கார்ந்து யோசிச்சேன். விம்கோ நகர் வர்றதுக்குள்ள ஒண்ணு முடிவாச்சு. நான் தப்பான பொருளைத் தேடிக்கிட்டு இருக்கேன். ரிவால்வர் கிடைச்சு என்ன ஆகப் போகுது? கிடைக்க வேண்டியது அந்தப் பேர். இப்ப சனிக்கிழமைகள்ல கன்னிமாரா நூலகத்துல பழைய தினசரிகளைப் புரட்டிக்கிட்டு இருக்கேன். அம்மாவுக்கு மாசம் ஞாபகம் இருக்கு, ஐப்பசி, நல்ல மழைன்னாங்க. ரெண்டு வருஷத்தோட ஐப்பசி முடிச்சுட்டேன். மூணாவது நடக்குது.

சூட்கேஸ் இப்ப என்கிட்ட இருக்கு. பூட்டு நம்பரை மாத்தல.

உங்க வீட்லயும் ஏதாவது சர்க்கார் முத்திரை குத்தின பழைய சாமான் இருக்கலாம். ஏலத்துல எடுத்த வண்டி, ரயில்வே கைவிளக்கு, ஹார்பர்ல இருந்து வந்த இரும்புப் பெட்டி. அது யார்கிட்ட இருந்துச்சு, எப்படி வெளியே வந்துச்சுன்னு வீட்ல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வச்சுக்கங்க. கேட்டதை எனக்கும் ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வரட்டா.